பிடியும் விடுதலும்

வேகத்தை உண்டாக்கக் கற்ற மனிதன், அதை ஒரே அளவில் நிறுத்திவைக்கவும் கற்றான். 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்தில் சுழலும் இரு குண்டுகளைப் பொருத்தினார். வேகம் மிகுந்தால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். தளர்ந்தால் சுருங்கி அதனைக் கூட்டும். மோட்டார் வண்டியில் அவ்வேலையைச் செய்வதே 'க்ரூஸ் கண்ட்ரோல்'. அதற்கு 1950-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ரால்ஃப் டீட்டர், ஐந்து வயதிலேயே பார்வையிழந்தவர் என்றால் வியவாதார் யார்? 1958-இல் கிரைஸ்லர் கார்களில் அது விற்பனைக்கு வந்தது.

தோழர்களே! ஏட்டில் படித்த இக்கருவியைக் கையால் தொட்டறியும் வாய்ப்பு, சென்ற கோடை விடுமுறையில் சித்தூரில் எனக்குக் கிட்டியது. வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடி அங்கே குடியேறிய குடும்பம் எங்களுடையது. சித்தப்பாவிடம் இருபத்தைந்து ஆண்டு கண்ட வெளிநாட்டுக் கார் ஒன்று உண்டு. மாதந்தோறும் சித்தியையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு பூதலப்பட்டு, சந்திரகிரி வழியே திருப்பதி சென்று, இரவில் திரும்புவார். போக மட்டும் சுமார் 70 கிலோமீட்டர். அந்தக் காரின் க்ரூஸ் கண்ட்ரோல் திடீரென்று வேகத்தைப் பிடிக்க மறுத்தது.

பட்டறைக்குக் கொண்டுபோனோம். ஃப்யூஸ் நன்றாயிருந்தது. வாக்குவம் குழாயில் வெடிப்பில்லை, கேபிளும் அறுபடவில்லை. மெக்கானிக் ஒரு கம்பியைக் காட்டி, "பிரேக்கிலிருந்து வர்ற இந்த ஒயரை வெட்டி டைரக்டா எர்த் குடுத்துட்டா வேலை செய்யும், தம்பி" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே" என்று மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். அக்கம்பிக்கு எர்த்தே இல்லை. ஏன்?

பிரேக்கை மிதித்தவுடன் பிடியை விட்டுவிட வேண்டும் என்பதே இக்கருவியின் உயிர்நிலை. ஆகவே பிரேக் விளக்குக்குச் செல்லும் கம்பியின் கிளையொன்று கருவிக்கும் வருகிறது. மிதித்தால் அதில் 12 வோல்ட் பாயும், கருவி விலகிக்கொள்ளும். மிதிக்காதபோது, பல்பின் இழை வழியே அக்கம்பிக்கு எர்த் கிடைக்கும். பழைய வண்டிகள் சிலவற்றில், அந்த எர்த்தைக் கண்ட பிறகே கருவி வேகத்தைப் பிடிக்கும். காணாவிட்டால் வாளாவிருந்துவிடும்.

சித்தப்பாவைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் சென்று பார்த்தேன். விளக்கு எரியவில்லை! இரு பல்புகளிலும் பிரேக்குக்குரிய இழை அறுந்து கிடந்தது. இரவில் எரியும் சிவப்பு விளக்கு வழக்கம்போல் எரிந்ததால் யாருக்கும் ஐயம் எழவில்லை. எத்தனை இரவுகள், பின்னால் லாரிகள் விரைந்துவர, முன்னறிவிப்பே இல்லாமல் அந்தக் கார் நின்று நின்று சென்றிருக்கும்! சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. பின்னிருக்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

21 வாட் பல்புகள் இரண்டை மாற்றினோம். க்ரூஸ் கண்ட்ரோல் உடனே பிடித்தது.

கம்பியை வெட்டியிருந்தாலும் அது பிடித்திருக்கும். ஆனால் பிரேக்கை மிதித்த செய்தி அக்கம்பி வழியே கருவியை எட்டியிராது. விளக்குகளும் இருண்டே இருந்திருக்கும். பழுது என்று நாம் எண்ணியது பழுதன்று, காவல்! வேலை செய்ய மறுக்கும் கருவியை அடக்குமுன், அது ஏன் மறுக்கிறது என்று கேட்பதன்றோ விஞ்ஞானம் பயில்வோர் கடமை?

நம் விடுதியிலும் பழைய ஸ்கூட்டர்கள் பல உள்ளன. இன்று மாலையே ஒருவர் பிரேக்கை மிதிக்க, மற்றொருவர் பின்னால் நின்று பார்க்கட்டும். ஒரு நிமிட வேலைதான். தனியே அமர்ந்து ஓட்டுபவர் கண்ணுக்கு அவ்விளக்கு என்றும் தெரியாது.