ஓசியில் கேட்டவளின் காத்திருப்பு

2024 ஜூலையில் எங்கள் ஹாஸ்டலில் எல்லோரும் இன்டர்னல் மார்க்குக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் ஒரு தேதிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. கில்லியன் வெல்ச்சும் டேவிட் ராலிங்ஸும் சேர்ந்து புது ஆல்பம் வெளியிடப்போவதாக அறிவித்திருந்தார்கள். பெயர் 'வுட்லேண்ட்'. பத்துப் பாட்டு. சந்தோஷம் தாங்காமல் ரூம்மேட்டிடம் சொன்னேன். "யாருடி அது, கொரியன் பேண்டா?" என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

இந்தப் பக்கத்தில் இதுவரை மெஸ் சாம்பார், பஸ் பாஸ், செமினார் பயம் என்று எதையெதையோ எழுதியிருக்கிறேன். என் மண்டைக்குள் பாதி நேரம் ஓடிக்கொண்டிருக்கும் விஷயத்தை மட்டும் எழுதியதில்லை. காரணம், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாததுதான். சரி, பெரியப்பா பையனிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அண்ணன் என்னைவிடப் பத்தொன்பது வயது பெரியவர். (கூட்டுக்குடும்பத்தில் இதெல்லாம் சகஜம்.) அவர் இன்ஜினியரிங் படித்த காலத்தில் வீட்டில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் இருந்தது. அதில் ஒரு பிளானில் ராத்திரி இரண்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. அண்ணன் ஒன்றே முக்காலுக்கு அலாரம் வைத்து எழுந்து, வரிசையாகப் பாட்டுகளை இறக்கப் போட்டுவிட்டு மறுபடி தூங்குவாராம். யாரோ ஊதுபத்தி வியாபாரம் ஆரம்பித்துவிட்ட மாதிரி அந்த மோடம் சிணுங்கிக்கொண்டே இருக்கும் என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்வார். மோடத்துக்கும் ஊதுபத்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. பெரியம்மா உவமைகள் அப்படித்தான் இருக்கும்.

நான் பன்னிரண்டாவது முடித்ததும் அண்ணன் எனக்குக் கொடுத்தது ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். அதில் 'ஆல்ட்-கன்ட்ரி' என்று ஒரு ஃபோல்டர்.

அது என்ன ஆல்ட்-கன்ட்ரி என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் கன்ட்ரி இசைக்கு நாஷ்வில் நகரம், நம் சினிமாவுக்குக் கோடம்பாக்கம் மாதிரி. அங்கே தொண்ணூறுகளில் ரேடியோவுக்காகப் பளபளவென்று பாலீஷ் போட்ட பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தபோது, சிலர் அந்தப் பக்கம் போகாமல் பழைய மலைப்பாட்டு, பக்திப்பாட்டு, பங்க் ராக் எல்லாவற்றையும் தங்கள் இஷ்டத்துக்குக் கலந்து பாடினார்கள். அங்கிள் டுபெலோ என்ற குழு 1990-இல் போட்ட 'நோ டிப்ரெஷன்' ஆல்பத்தின் பெயரிலேயே 1995-இல் ஒரு பத்திரிகையும் வந்தது. அந்தச் சமயத்தில்தான், 1996-இல், கில்லியன் வெல்ச்சின் முதல் ஆல்பம் 'ரிவைவல்' வந்தது.

ஆல்பத்தின் மேல் அவர் பெயர் மட்டும்தான் இருக்கும். ஆனால் உள்ளே எப்போதும் இரண்டு பேர். இவருடைய கிடார் 1956-இல் செய்த கிப்ஸன். ராலிங்ஸுடையது 1935-இல் செய்த சின்ன எபிஃபோன், அந்தக் காலத்தில் மலிவு விலை சாமான். இரண்டு குரல், இரண்டு கிடார், அவ்வளவுதான். ட்ரம்ஸ் பெரும்பாலும் இருக்காது. முதல் தடவை கேட்டபோது 'என்ன இது, ரிகர்சல் மாதிரி இருக்கிறதே' என்றுதான் தோன்றியது. இரண்டாவது வாரம் வேறு எதைக் கேட்டாலும் கூட்டம் அதிகமாக இருப்பதாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

(நியூயார்க்கில் பிறந்து, லாஸ் ஏஞ்சலஸில் டிவி நிகழ்ச்சிகளுக்கு இசை எழுதிய பெற்றோரிடம் வளர்ந்தவர், அப்பலாச்சிய மலைக்காரர்கள் மாதிரிப் பாடுவதா என்று சில விமர்சகர்கள் அப்போது கோபித்துக்கொண்டார்கள். தெம்மாங்கு பாட வேண்டுமென்றால் முதலில் நாற்று நட்டுவிட்டு வரவேண்டுமா என்ன? எனக்கு அந்தச் சண்டை புரிந்ததே இல்லை.)

இனி விஷயத்துக்கு வருகிறேன். இவர்களுடைய ரசிகராக இருப்பது என்றால், முக்கால்வாசி நேரம் காத்திருப்பதுதான். 2003-இல் 'சோல் ஜர்னி' வந்தது. அடுத்தது 'தி ஹாரோ அண்ட் தி ஹார்வெஸ்ட்', 2011-இல். நடுவில் எட்டு வருஷம். அண்ணன் காலேஜ் சேர்ந்து, முடித்து, வேலைக்குப் போய், வேலை மாறி, கல்யாணமும் ஆகிவிட்டது. "ஒவ்வொரு தீபாவளிக்கும் இந்த வருஷம் வந்துடும்னு நெனப்பேன்" என்பார். இடையில் 2009-இல் ராலிங்ஸ் பெயரில் ஒரு ஆல்பம் வந்தது. அதிலும் இரண்டு பேரும்தான் பாடினார்கள். ஆனால் அண்ணன் அதைக் கணக்கில் சேர்க்கமாட்டார். கல்யாண வீட்டுக்குப் போய் டிபன் மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்த மாதிரியாம்.

ஏன் அவ்வளவு நாள்? 2011-இல் அவர்களே பேட்டிகளில் சொன்னார்கள். எழுதாமல் இல்லை, எழுதிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் எழுதியது எதுவும் வெளியிடும் அளவுக்கு அவர்களுக்கே பிடிக்கவில்லை. 2001-இலிருந்து சொந்தமாக அகோனி என்ற கம்பெனி வைத்திருக்கிறார்கள். அதனால் 'இந்த வருஷம் ஒன்று கொடு' என்று மேலே நின்று கேட்க யாரும் இல்லை. பிடிக்கவில்லையா, தூக்கிப் போடு. அவ்வளவுதான்.

இதைவிட வேடிக்கை ஒன்று 2020-இல்தான் வெளியே தெரிந்தது. ஒரு பதிப்பு ஒப்பந்தத்தை முடித்துக் கொடுப்பதற்காக, 2002 டிசம்பரில் ஒரு வாரக்கடைசியில் உட்கார்ந்து பழைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டி 48 பாட்டுகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். நாற்பத்தெட்டு! அதை அப்படியே பெட்டியில் வைத்துவிட்டார்கள். அண்ணன் எட்டு வருஷம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் முழுக்க அந்த டேப்புகள் அவர்களிடமே இருந்திருக்கின்றன. அண்ணனுக்கு இதை நான்தான் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நாலஞ்சு ஆல்பம் அது, பாப்பா" என்றார்.

அந்த டேப்புகள் தப்பித்ததும் ஒரு கதை. ஆல்பத்தின் பெயரான வுட்லேண்ட் என்பது கிழக்கு நாஷ்வில்லில் அவர்களுக்குச் சொந்தமான ஸ்டூடியோ. 1971-இல் நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட், பழைய கன்ட்ரி ஜாம்பவான்களை எல்லாம் கூட்டி வைத்துப் பதிவு செய்த பிரபலமான ஆல்பம் அங்கேதான் உருவானது. 2020 மார்ச் 3 அதிகாலை, நாஷ்வில்லில் அடித்த சூறாவளி அந்தக் கட்டடத்தின் கூரையைப் பிய்த்துப் போட்டது. கரண்ட் இல்லை, மழை உள்ளே கொட்டுகிறது. இரண்டு பேரும் இருட்டிலேயே ராத்திரி முழுக்க கிடார்களையும் மாஸ்டர் டேப்புகளையும் நனையாத இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட அவர்களுடைய மொத்த வாழ்க்கையும் அந்த அறைகளில்தான் இருந்தது. அதன் பிறகுதான் அந்த 48 பாட்டுகளையும் மூன்று பாகங்களாக அதே வருஷம் வெளியிட்டார்கள். போய்விட்டிருந்தால் யாருக்குமே தெரிந்திருக்காது என்று தோன்றியிருக்க வேண்டும். இது என் ஊகம்.

எனக்கு இந்தக் காத்திருப்பு பாதியில் கிடைத்தது. ஹார்ட் டிஸ்க் கைக்கு வந்தபோதே 2011 கழிந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. மற்றவர்களின் பாட்டுகளை லாக்டவுனில் வீட்டிலேயே டேப்பில் பதிந்து வெளியிட்ட ஆல்பம் 2020-இல் வந்து, 2021-இல் கிராமியும் வாங்கியிருந்தது. நல்ல ஆல்பம்தான். ஆனால் சொந்தப் பாட்டு எங்கே? 2022 போனது, 2023 போனது. எனக்குக் கோபம் வர ஆரம்பித்தது. நிஜமான கோபம். 'இவ்வளவு சோம்பேறித்தனமா', 'ரசிகர்களைப் பற்றிக் கொஞ்சமாவது நினைக்க வேண்டாமா' என்றெல்லாம் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது படித்தால் காது சூடாகிறது.

ஏன் என்றால் அந்த ஃபோல்டரிலேயே 'எவ்ரிதிங் இஸ் ஃப்ரீ' என்று ஒரு பாட்டு இருக்கிறது. 2001 ஜூலை கடைசியில் வந்த 'டைம்' ஆல்பத்தில் உள்ளது. அதே மாதம்தான் நேப்ஸ்டர் கோர்ட் வழக்கில் மாட்டி, தன் பாட்டுப் பரிமாற்றத்தை நிறுத்தியது. இனி தன் பாட்டுக்கு யாரும் காசு கொடுக்கப்போவதில்லை என்று புரிந்துகொண்ட ஒரு பாடகியின் பேச்சுதான் அந்தப் பாட்டு. சத்தம் இல்லை, சாபம் இல்லை. வீட்டில் உட்கார்ந்து தனக்குத்தானே பாடிக்கொள்கிறேன் என்கிற மாதிரியான ஒரு அமைதி. பின்னாளில் ஃபீபி பிரிட்ஜர்ஸ், ஃபாதர் ஜான் மிஸ்டி என்று எத்தனையோ பேர் மேடையில் அதைப் பாடியிருக்கிறார்கள். நான் அதை நூறு தடவைக்கு மேல் கேட்டிருப்பேன். பாத்ரூமில் பாடியிருக்கிறேன். ஆனால் அந்தப் பாட்டில் வரும் எதிராளி நான்தான் என்பது ஒருநாள்கூட உறைக்கவில்லை.

உறைத்தது எப்போது என்றால், 2024 ஜூலையில், ஆல்பத்தின் விலையைப் பார்த்துவிட்டு 'இவ்வளவா' என்று நினைத்த அந்த நிமிஷம். பதின்மூன்று வருஷம் என்று கணக்குப் பார்த்துச் சண்டைக்கு நின்றவள், அவர்களுக்கு அதுவரை கொடுத்தது எவ்வளவு? நயாபைசா இல்லை. அண்ணன் கொடுத்ததும் அதே நயாபைசாதான். இரண்டு தலைமுறை ஓசி. ஓசியில் சாப்பிட்டவன் உப்பு குறைவு என்று இலையைத் தள்ளின கதை.

இதில் எனக்கு இன்னும் தெளிவில்லாத இடமும் உண்டு. அந்த ஹார்ட் டிஸ்க் இல்லாவிட்டால் எனக்கு இந்தப் பாட்டுகள் தெரிந்தே இருக்காது. எங்கள் ஊர்க் கடையில் இந்த சிடி என்றைக்குமே வந்ததில்லை. அண்ணன் திருடினார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, திருடவில்லை என்று சொல்லவும் வரவில்லை. ஆனால் எட்டு வருஷத்தில் எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிடித்ததை மட்டும் கொடுப்பவர்களிடம், காசும் கொடுக்காமல் தேதியும் கேட்க எனக்கு என்ன உரிமை? ஒருவேளை காசு கொடுத்திருந்தாலும் அந்த உரிமை வந்திருக்காதோ என்னவோ. 'தி ஹாரோ அண்ட் தி ஹார்வெஸ்ட்' வினைல் தட்டாக வந்தது 2017-இல்தான். ஆறு வருஷம் கழித்து! தட்டு வெட்டும் லேத் மெஷினையே வாங்கி, சரிசெய்து, தாங்களே வெட்டினால்தான் ஆயிற்று என்று இருந்தார்கள். காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களும் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மெஸ் பில் ரீஃபண்ட் வந்ததும் முதல் வேலையாக ஆல்பத்தை முன்பதிவு செய்தேன். பாட்டு ஃபைல்கள் மட்டும். தட்டுக்குத் தபால் செலவு தட்டின் விலையையே தாண்டியது.

ஆகஸ்ட் 22 ராத்திரி பன்னிரண்டு ஆனதும் இங்கே வந்துவிட்டது. நாஷ்வில்லில் அப்போது வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணி. அவர்கள் ஊருக்கு முன்னால் என் ஹாஸ்டல் மொட்டைமாடிக்கு வந்துவிட்டது என்பதில் ஒரு அல்ப சந்தோஷம். முதல் பாட்டு ஜூலையிலேயே கேட்டதுதான். இரண்டாவதில் ட்ரம்ஸ், வயலின் எல்லாம் வந்ததும் கொஞ்சம் பதறினேன். பிறகு ராலிங்ஸ் பாடும் 'ஹேஷ்டேக்'. 2016-இல் இறந்துபோன கை கிளார்க் என்ற பாடகரைப் பற்றியது. ஆரம்ப காலத்தில் இவர்களைத் தன்னோடு ஊர் ஊராக அழைத்துப்போனவர். இவர்களை மாதிரிப் பாடகர்கள் செத்தால்தான் செய்தியில் வருவார்கள் என்பதுதான் விஷயம். அதில் கொஞ்சம் சிரிப்பும் இருக்கிறது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பதின்மூன்று வருஷம் எனக்கு மட்டுமா போயிற்று? அவர்களுக்கும்தானே போயிற்று. இந்தக் கணக்கு ஏன் எனக்கு முன்னாடி வரவில்லை?

பன்னிரண்டே முக்காலுக்கு அண்ணனுக்கு போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தார்.

"என்ன பாப்பா, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல அண்ணா. வந்துடுச்சு."

"என்ன வந்துடுச்சு?"

சொன்னேன். பக்கத்தில் அண்ணி ஏதோ கேட்பதும், "ஒண்ணும் இல்ல, பாட்டு" என்று அவர் சொல்வதும் கேட்டது. பாட்டு கேட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, பிள்ளைகள் வந்தபிறகு காரில் ஓடுவதெல்லாம் ரைம்ஸ்தான் என்று ஒருமுறை சொல்லியிருந்தார். "அனுப்பட்டுமா?" என்று கேட்டேன். பழக்கம் அப்படி.

"வேணாம்" என்றார். "லிங்க் மட்டும் அனுப்பு. நான் வாங்கிக்கறேன்."

அடுத்த பிப்ரவரியில் அந்த ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தது. அப்போதுதான் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஃபைலை மட்டும் வாங்கியிருப்பார் என்று நினைத்திருந்தேன். மனுஷன் வினைல் தட்டையே வரவழைத்திருக்கிறார், தபால் செலவு, கஸ்டம்ஸ் எல்லாம் கட்டி. வீட்டில் அதைப் போட்டுக் கேட்க பிளேயர் கிடையாது. பெரியம்மா அதை ஷோகேஸில், பேரன் ஸ்போர்ட்ஸ் டேயில் வாங்கிய கப்புக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறார். "இது யாரு, உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்று என்னிடம் கேட்டார்.