முறைமையும் உடைமையும்

கணினியின் பணிசெயல் முறைமையை நீக்கிப் புதிதாக நிறுவுதல், கணினி வைத்திருப்போர் பலரும் ஒருமுறையேனும் எதிர்கொள்ளும் காரியமாகிவிட்டது. வைரசின் தாக்கம், இயக்கத்தின் மந்தம், பழைய பதிப்புக்கு உற்பத்தியாளர் ஆதரவை நிறுத்துதல் என அதற்குக் காரணங்கள் பலவாம். விண்டோஸ் 10 பதிப்புக்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவுற்றமையும் நம்மிற் பலரை இப்பணிக்கு உந்தியது. தொழினுட்பம் அறிந்தவர்க்கு இது சில மணி நேர வேலை. ஆயின் அச்சில மணி நேரத்தில் பல்லாண்டுச் சேகரம் ஒன்று அழிந்துவிடவும் கூடும்.

முறைமை வேறு, உடைமை வேறு என்பதே இங்கு முதலில் தெளிய வேண்டியது. முறைமை எப்போதும் மீண்டும் கிடைக்கும். கோடிக்கணக்கான கணினிகளில் இருப்பதும் அதுவே. நாம் எழுதிய கட்டுரையும் எடுத்த நிழற்படமும் அத்தகையன அல்ல. லினக்ஸ் முறைமைகளில் பாவனையாளரின் கோப்புகள் 'ஹோம்' என்னும் கோப்புறையின் கீழ் அமைகின்றன. அதனை வன்றட்டின் தனிப்பிரிவொன்றில் வைத்துவிட்டால், முறைமைக்குரிய பிரிவை மட்டும் அழித்து நிறுவலாம். கூரை வேய்பவர் பெட்டகத்தைத் தொடாதிருப்பது போன்றது இது. விண்டோஸ் கணினிகளிலும் வன்றட்டை 'சி', 'டி' எனப் பிரித்து வைப்பதுண்டு. ஆயினும் பெரும்பாலானோர் தம் கோப்புகளைத் திரையின் முகப்பிலேயே விட்டு வைக்கின்றனர். கண்முன்னே தோன்றும் அக்கோப்புகள் வழக்கமாக 'சி' பிரிவினுள்ளேயே உறைகின்றன என்பதைப் பலர் அறியார். 'சி' அழிக்கப்படின் அவையும் அழியும்.

உற்பத்தியாளர் இவ்விடரை உணராதவரல்லர். 2012 இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், கோப்புகளை வைத்துக்கொண்டு முறைமையை மட்டும் புதுப்பிக்கும் வசதி உண்டு. கோப்புகள் எஞ்சும், நாம் நிறுவிய செயலிகள் நீங்கும். பிரிவை அழிக்காமல் அதன் மேலேயே நிறுவினால் பழையவை 'விண்டோஸ்.ஓல்ட்' என்னும் கோப்புறையில் ஒதுக்கப்படும். ஆயின் அது நிலையான களஞ்சியமன்று. பதிப்புயர்வின் பின் பத்து நாட்களில் அது தானாகவே நீக்கப்படும். மேலும், 2018 ஒக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 இன் புதுப்பிப்பு ஒன்று சிலரின் கோப்புகளை அழித்தமையால், சில நாட்களிலேயே மைக்ரோசொப்ட் அதனை இடைநிறுத்த நேர்ந்தது. தம் கோப்புறைகளை வேறிடத்துக்கு மாற்றியோர் பழைய இடத்தில் விட்டுவைத்தவற்றை, வேண்டாத இரட்டை எனக் கொண்டு அது நீக்கியிருந்தது. எனவே, கோப்புகள் காக்கப்படும் என்னும் வாக்குறுதி பிரதி எடுத்து வைப்பதற்கு ஈடாகாது.

கோப்பு எஞ்சியும் உடைமை எஞ்சாத நிலை ஒன்றும் உண்டு. அதனை என் தந்தையாரின் கணினியிற் கண்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியரான அவர், எங்கள் ஊரின் கோயில், குளம், குடிவழி ஆகியவை பற்றி முதியோரிடம் கேட்டறிந்தவற்றைப் பல ஆண்டுகளாகத் தட்டச்சிட்டு வந்தார். அவருக்குச் சொன்னவர்களிற் பலர் இன்று இல்லை. நகரத்துக் கடையொன்றில் முறைமை புதிதாக நிறுவப்பட்டுக் கணினி திரும்பிவந்தபோது கோப்புகள் யாவும் இருந்தன. திறந்தால் ஒரு தமிழெழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே வரிவரியாக நின்றன. தந்தையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார். "எழுத்துப் போயிற்று" என்றார்.

எழுத்துப் போகவில்லை, எழுத்துரு போயிற்று. இலங்கையில் நெடுங்காலம் வழங்கிவரும் பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியீடுகளின் மீது தமிழ் வடிவங்களை வரைவது. கோப்பினுள் இருப்பது ஆங்கிலக் குறியீடே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்குறியீடு தன் சொந்த வடிவிலேயே தோன்றும். எழுத்துரு முறைமையின் கோப்புறையில் இருந்தமையால் முறைமையோடு அதுவும் நீங்கிற்று. பழைய பென்டிரைவ் ஒன்றிலிருந்த பாமினியை நிறுவியதும் ஊர் வரலாறு மீண்டது. பின்னர் அதனை யுனிகோடுக்கு மாற்றினோம். 1991 இல் வெளிவந்த யுனிகோட்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் தமிழுக்கெனத் தனிக் குறியீடுகள் இருத்தலால், எந்தத் தமிழ் யுனிகோட் எழுத்துருவிலும் அதனை வாசிக்கலாம்.

ஒற்றைப் பிரதியின் அபாயத்தை நம் சமூகத்துக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அச்சிட்ட நூலுக்கு வேறிடத்திற் பிரதி தேடலாம். ஒரே பிரதியாயிருந்த சுவடிக்கு அவ்வழியில்லை. கணினிக் கோப்புக்கும் இவ்விதியே பொருந்தும். 'சி'யில் உள்ளதை 'டி'யில் வைத்தல் இரண்டாம் பிரதியாகாது. வன்றட்டே பழுதுற்றால் இரண்டும் போகும். ஆதலின் முறைமையைத் தொடுமுன் கோப்புகளைப் புறவன்றட்டொன்றிற் பிரதி செய்தல் வேண்டும். எழுத்துருக்களையும் உடன் வைத்தல் வேண்டும். வன்றட்டு மறையீடு செய்யப்பட்டிருப்பின், அதற்குரிய 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளிற் குறித்துக்கொள்ள வேண்டும்; அஃதின்றேல் கோப்புகள் இருந்தும் பூட்டிய அறையினுள் இருப்பனவாம். இறுதியாக, பிரதியை வேறொரு கணினியில் திறந்து வாசித்துப் பார்த்தல் வேண்டும். எழுத்துருக் குறைபாடு அவ்வேளையிலேயே வெளிப்பட்டுவிடும்.

இவை எவையும் பெருந்தொழினுட்பம் வேண்டுவன அல்ல. ஒரு மாலைப்பொழுது போதும். முறைமையை நிறுவுதல் பிறர் செய்து தரக்கூடிய வேலை. எவை தன் உடைமை, அவற்றை எதைக்கொண்டு வாசிப்பது என்பவற்றை உடையவரே அறிவார். அவற்றை அவரே முற்கூட்டிச் சொல்லுதல் வேண்டும்.