கல்லீரல் நோயாளிக்கு உபவாசம் வேண்டாம்



மும்பையில் ஊழியம் செய்துவரும் இத்தனை ஆண்டுகளில், வியாதியஸ்தருக்காக ஜெபிக்கும்படி அநேக வீடுகளுக்கு அழைக்கப்பட்டிருக்கிறேன். அவற்றுள் ஒருவகை அழைப்பு என் உள்ளத்தை மிகவும் பாரப்படுத்துகிறது. "ஐயா, இவர் பகலெல்லாம் தூங்குகிறார், இரவெல்லாம் விழித்திருக்கிறார். பேச்சு குழறுகிறது, கை நடுங்குகிறது, பிள்ளைகளின் பெயர்கூட மறந்துபோகிறது. அசுத்த ஆவியின் கிரியையோ என்று பயப்படுகிறோம். குடும்பமாக உபவாசம் இருக்கிறோம், அவரையும் இருக்கச் சொல்லியிருக்கிறோம்" என்பார்கள். "இவருக்குக் கல்லீரல் வியாதி உண்டா?" என்பதே நான் முதலாவது கேட்கும் கேள்வி. உண்டு என்றால், ஜெபித்து உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பேன்.

காரணத்தைச் சொல்லுகிறேன். உணவு குடலில் செரிக்கும்போது அம்மோனியா என்னும் நச்சு உண்டாகிறது. நல்ல கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிவிடும். அது சிறுநீரோடு வெளியேறும். சிரோசிஸ் என்னும் சுருக்க நோயால் கெட்ட கல்லீரலுக்கு அந்தப் பெலன் இல்லை. நச்சு இரத்தத்தின் வழியே மூளையை அடைந்து அறிவை மயக்குகிறது. ஹெபாட்டிக் என்செஃபலோபதி என்று மருத்துவர்கள் அழைப்பது இதைத்தான். நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை மலம் இளகிப் போகும்படி லாக்டுலோஸ் கொடுப்பார்கள். தேவையானால் ரிஃபாக்ஸிமின் என்ற மாத்திரையையும் சேர்ப்பார்கள்.

இனி ஆகாரத்தைக் கவனியுங்கள். அம்மோனியா புரதத்திலிருந்து வருகிறதென்று, முற்காலத்தில் பருப்பையும் பாலையும் முட்டையையும் நிறுத்திவிட்டார்கள். இன்றும் பல வீடுகளில் வெறும் கஞ்சிதான். ஆனால் 2004-ல் வெளியான ஸ்பெயின் தேசத்து ஆய்வொன்று, போதிய புரதம் உண்டவர்களுக்கு இந்த மயக்கம் அதிகரிக்கவில்லை என்று காட்டியது. நம் தசைகளும் அம்மோனியாவை அகற்றத் துணைசெய்கின்றன. பட்டினியால் தசை கரைந்தால் அந்தத் துணையும் போய்விடும். சிரோசிஸ் உள்ளவருக்கு ஓர் இரவுப் பட்டினி, சுகமுள்ளவரின் இரண்டு மூன்று நாள் பட்டினிக்கு ஒப்பானது.

ஆகையால் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் வேண்டும் என்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 72 முதல் 90 கிராம். பருப்பு, பயறு, பால், தயிர் ஆகியவை இறைச்சியைவிட இவர்களுக்கு நன்கு ஒத்துக்கொள்ளும். சிறுகச் சிறுகப் பலமுறை கொடுங்கள். இரவு படுக்குமுன்னும் சப்பாத்தியோ பாலோ சிறிது கொடுங்கள். நீரிழிவு உள்ளவருக்கு மருத்துவரைக் கேட்டே கொடுக்கவேண்டும். அரைமயக்கத்தில் இருப்பவருக்கு வாயில் எதையும் ஊட்டாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

சத்துப் பொடிகளைப் பற்றியும் கேட்கிறீர்கள். லூசின், ஐசோலூசின், வாலின் ஆகிய அமினோ அமிலங்கள் அடங்கிய பொடிகள் மயக்கத்தைக் குறைக்க உதவுகின்றன; ஆயுளைக் கூட்டினதாகத் தெரியவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வின் முடிவு இது. அம்மோனியாவை யூரியாவாக மாற்றத் துத்தநாகமும் தேவை. இந்நோயாளிகளிடம் அது பெரும்பாலும் குறைவுபட்டிருக்கும். மதுவால் கல்லீரல் கெட்டவர்களுக்குத் தயாமின் என்னும் வைட்டமினும் குறைந்துவிடும். இவை யாவும் மருந்துக்குத் துணையேயன்றி மருந்துக்குப் பதிலல்ல. மருத்துவர் சொல்லும் அளவிலேயே கொடுக்கவேண்டும்.

"மூலிகைதானே, தீங்கு செய்யாது" என்றும் எண்ணவேண்டாம். 2020-ல் நமது மும்பையிலேயே, நோய் எதிர்ப்புக்கென்று சீந்தில் கொடியை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் மறு ஆண்டில் பதிவுசெய்தார்கள்.

உபவாச ஜெபத்தை நான் அற்பமாய் எண்ணுகிறவனல்ல. ஆயினும் சூரைச்செடியின் கீழ்ச் சோர்ந்து படுத்திருந்த எலியாவை, தேவதூதன் இரண்டு தரம் தட்டியெழுப்பிப் புசிக்கச் செய்தானே! பெலவீனனுக்குத் தேவன் அனுப்பியது ஆகாரம். எனவே உபவாசத்தை வீட்டாரில் சுகமுள்ளவர்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். நோயாளியோ மருந்தையும் உணவையும் வேளை தவறாமல் உட்கொள்ளட்டும்; அது அவிசுவாசமல்ல. கர்த்தர் உங்கள் வீட்டாருக்குச் சுகம் அருளுவாராக.