நீர் அளக்கும் கை

ஐப்பசி மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு காலைப் பொழுதில், தஞ்சைக்கு அருகே ஒரு வீட்டின் மேல்தளத்துக்குக் காங்கிரீட் போடும் வேலையைக் காணச் சென்றிருந்தபோது, கட்டடத்தின் ஆயுளை நிர்ணயிப்பவை கம்பியின் கனமும் சிமெண்ட் மூட்டைகளின் எண்ணிக்கையும் மாத்திரமே என்று சாமானியமாக நாம் கொண்டிருக்கும் எண்ணம் எத்துணைக் குறைபாடுடையது என்பதைப் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

நீரின் எடையைச் சிமெண்டின் எடையால் வகுத்து வரும் விகிதம் ஏற ஏறக் காங்கிரீட்டின் பலம் இறங்கும் என்பது, சிக்காகோ நகரத்து ஆராய்ச்சியாளர் டஃப் ஆப்ராம்ஸ் 1918-இல் வெளியிட்ட விதி. சிமெண்ட் இறுகுவதற்கு ரசாயன முறையில் வேண்டிய நீர் அதன் எடையில் ஏறக்குறையக் கால் பங்குதான். அதற்கு மேல் கலவை இளகுவதற்காகச் சேர்க்கும் நீரில் மிகுதியானது பின்னர் உலர்ந்து வெளியேற, அது இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாகி, ஈரம் உட்புகுந்து கம்பி துருப்பிடிக்க வழியாகிவிடுகிறது.

அன்றைய விகிதம் 0.50, அதாவது 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர். மிதமான சூழலில் கம்பியிட்ட காங்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரநிலை அனுமதிக்கும் உச்ச வரம்பும் அதுவே. ஆயினும் மேஸ்திரி அந்த 25 லிட்டரை அப்படியே ஊற்றவிடவில்லை. மழையில் நனைந்த மணலில் 1,000 கிராம் நிறுத்து, இரும்புச் சட்டியிலிட்டு அடுப்பில் ஏற்றி, ஆவி அடங்கும்வரை கிளறி, மறுபடி நிறுத்தார். 943 கிராம் இருந்தது. உலர்ந்த மணலின் எடையில் நூற்றுக்கு 6 பங்கு ஈரம்; அதில் மணல் தனக்குள் உறிஞ்சி வைத்திருப்பது 1 பங்கு என்று தள்ளினால், மீதி 5 பங்கு கலவையில் சேரும் நீர். மூட்டைக்கு வேண்டிய உலர்மணல் 100 கிலோ. ஆகவே ஈரமணலை 106 கிலோவாக நிறுத்துப் போட்டு, தண்ணீரை 20 லிட்டராகக் குறைத்தார். இந்தக் கணக்கை விட்டிருந்தால் விகிதம் சொல்லாமற் கொள்ளாமல் 0.60 ஆகியிருக்கும்.

மிக்சரில் தண்ணீர் ஊற்றிய இளைஞர், "கலவை இறுக்கமா இருக்கு, இன்னும் கொஞ்சம் விடட்டுமாண்ணே?" என்று கேட்டார். பாண்டு சுமப்பவருக்கும் பரப்புபவருக்கும் இளகிய கலவையே உடம்புக்கு இதம் என்பதால், அக்கேள்வியில் சோம்பல் ஏதுமில்லை. "தண்ணியக் கூட்டாதே தம்பி, வைப்ரேட்டரை நல்லாப் பிடிக்கச் சொல்லு" என்ற மேஸ்திரி, மீந்த தண்ணீர் துளையாக மாறும் விதத்தையும் அவருக்கு விளக்கினார், அதன்பின் அந்தத் தம்பி ஒவ்வொரு முறையும் வாளியின் அளவுக்கோட்டைக் குனிந்து பார்த்தே ஊற்றினார்.

எத்தனை நுட்பமாக வகுத்த விகிதமும் இறுதியில் நாட்கூலிக்கு நிற்கும் ஒருவருடைய கையின் வழியாகவே கட்டடத்தைச் சேருகிறது. ஆதலால், அவருக்கு அளவைச் சொல்வதோடு நில்லாமல் அதன் காரணத்தையும் சொல்வது, கட்டுவோர் அனைவருக்கும் உரிய கடமை என்று கருதுகிறேன்.