யானை குதித்த ரயில்... சிவப்பாக ஓடிய ஆறு! - ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்துக் கதை

1950-ம் வருஷம் ஜூலை 21. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்துக்கு வந்திருந்த சர்க்கஸ் கம்பெனி ஒன்று, விளம்பரத்துக்காக டுஃபி என்ற நான்கு வயதுக் குட்டி யானையை நகர ரயிலில் ஏற்றியது. பெட்டிக்குள் பத்திரிகையாளர்கள் கூட்டம். ரயில் கிளம்பியதுமே சத்தத்திலும் ஆட்டத்திலும் யானை மிரண்டுவிட்டது. பெட்டியின் பக்கவாட்டை உடைத்துக்கொண்டு வெளியே குதித்தது. விழுந்த இடம் ஆறு!

ஆமாம், இந்த ஊரில் ரயில் ஓடுவதே ஆற்றுக்கு மேலேதான். சுமார் 12 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தும் டுஃபிக்குப் பின்பக்கத்தில் சிராய்ப்பு மட்டும்தான். சர்க்கஸ் முதலாளிக்கும் அனுமதி கொடுத்த அதிகாரிக்கும் அபராதம் விழுந்தது. அத்தனை பத்திரிகையாளர்கள் இருந்தும், குதித்த அந்த நொடியை ஒருவர்கூட போட்டோ எடுக்கவில்லை. இன்று போஸ்ட்கார்டில் விற்கும் படம் ஒட்டு வேலை. இப்போது நடந்திருந்தால் ஆளுக்கொரு ரீல்ஸ் போட்டிருப்பார்கள்! டுஃபி 1989 வரை வாழ்ந்தது. அதன் பெயரில் பால்கூட விற்பனைக்கு வந்தது.

சரி, ரயிலை ஏன் ஆற்றுக்கு மேலே விட்டார்கள்? வேறு இடம் இல்லை, அவ்வளவுதான். இருபுறமும் மலைச்சரிவு. நடுவே வளைந்து வளைந்து ஓடும் வுப்பர் ஆறு. மிச்சமிருந்த இடமெல்லாம் மில்களும் வீடுகளும். எனவே, ஆற்றின் இரு கரையிலும் இரும்புக் கால்களை ஊன்றி, மேலே ஒற்றைத் தண்டவாளம் போட்டு, அதில் பெட்டிகளைத் தொங்கவிட்டார்கள். சக்கரம் கூரைக்கு மேலே, பயணிகள் கீழே. யோசனை, கொலோன் நகரத்துப் பொறியாளர் ஆய்கன் லாங்கெனுடையது. 1900-ல் மன்னர் இரண்டாம் வில்ஹெல்ம் வெள்ளோட்டம் போனார். 1901 மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மொத்தம் 13.3 கிலோமீட்டர், 20 நிலையங்கள். சுமார் 10 கிலோமீட்டர் தூரம் ஆற்றுக்கு மேலேயே போகிறது. வேலைக்கும் ஸ்கூலுக்கும் போகிறவர்கள் தினமும் ஏறி இறங்கும் சாதாரண நகர ரயில் அது.

அந்தக் குறுகிய பள்ளத்தாக்குக்குள் இவ்வளவு பேர் ஏன் வந்து நெருக்கியடித்தார்கள்? அதற்கும் காரணம் இந்த ஆறுதான். நூலை வெளுக்க இதன் தண்ணீர் அருமையாக இருந்தது. 1527-ல் அந்தப் பகுதியை ஆண்ட கோமகன், நூல் வெளுக்கும் தனி உரிமையை எல்பர்ஃபெல்ட், பார்மென் என்ற இரண்டு ஊர்களுக்குக் கொடுத்தார். ஆற்றங்கரைப் புல்வெளியில் நூலை விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து வெயிலில் வெளுப்பார்கள். வெளுப்புக்குப் பின்னால் நெசவு வந்தது. ரிப்பனும் நாடாவும் வந்தன. கடைசியில் சாயப்பட்டறைகள் வந்தன. 1929-ல் அக்கம்பக்கத்து ஊர்களோடு சேர்ந்து இந்த இரண்டும் ஒரே நகராட்சியாகின. மறு வருஷம் வைத்த பெயர்தான் வுப்பர்டால். 'வுப்பர் பள்ளத்தாக்கு' என்று அர்த்தம்.

சாயப்பட்டறை வந்தால் ஆறு என்ன ஆகும்? 1839-ல் ஹாம்பர்க் பத்திரிகை ஒன்றில் வந்த கட்டுரை அதைச் சொன்னது. ஆறு சிவப்பாக ஓடுகிறது, தொழிலாளர்கள் புகையையும் தூசியையும் சுவாசித்து நோயாளி ஆகிறார்கள், பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளைகள் மில்லில் கிடக்கிறார்கள் என்று போட்டு உடைத்தது. ஊரே கொதித்தது. பெயர் போடாமல் எழுதியவர், பார்மென் மில் முதலாளி ஒருவரின் 18 வயது மகன். பிற்காலத்தில் கார்ல் மார்க்ஸோடு சேர்ந்து கம்யூனிஸ்ட் அறிக்கை எழுதிய ஃப்ரெடரிக் ஏங்கெல்ஸ்தான் அவர்!

அதே சாயத்திலிருந்துதான் மருந்தும் வந்தது. பேயர் கம்பெனி 1863-ல் பார்மெனில் சாயக் கம்பெனியாகத்தான் தொடங்கியது. 1897 ஆகஸ்ட்டில், அதன் எல்பர்ஃபெல்ட் ஆய்வகத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மான் ஆஸ்பிரினின் மூலப்பொருளைச் சுத்தமாகத் தயாரித்தார். அடுத்த சில நாள்களில் அதே மேஜையில் அவர் தயாரித்த இன்னொன்று ஹெராயின். அதை இருமல் மருந்தாக விற்றார்கள் என்பதை இன்று நம்பவே முடியவில்லை.

எனக்கு அதைவிட மறக்க முடியாதது கெர்ஹார்ட் டோமாக்கின் கதை. பென்சிலின் புழக்கத்துக்கு வராத காலம். சின்னக் காயம் சீழ் பிடித்தாலே உயிர் போகும். எல்பர்ஃபெல்ட் ஆய்வகத்தில், ப்ரான்டோசில் என்ற சிவப்புச் சாயம் சீழ்க்கிருமிகளிடமிருந்து எலிகளைக் காப்பாற்றுவதை டோமாக் கண்டுபிடித்தார். 1935-ல் அவருடைய ஆறு வயது மகள் ஹில்டகார்ட் கையில் ஊசியோடு விழுந்தாள். ஊசி கைக்குள் பாய்ந்து, சீழ் பரவியது. கையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். அப்பா ஆய்வகத்திலிருந்து அந்தச் சிவப்பு மருந்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மகள் பிழைத்தாள், கையும் தப்பியது!

1939-ல் டோமாக்குக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். ஜெர்மானியர் யாரும் நோபல் வாங்கக் கூடாது என்று ஹிட்லர் தடை போட்டிருந்த நேரம். ரகசியப் போலீஸ் அவரைக் கைது செய்து, பரிசு வேண்டாம் என்று எழுதி வாங்கியது. போர் முடிந்து 1947-ல் பதக்கம் கைக்கு வந்தது. கெடு தாண்டியதால் பரிசுப் பணம் மட்டும் வரவே இல்லை.

இன்று ஊரில் சுமார் மூன்றரை லட்சம் பேர். ஜவுளி மில்கள் பெரும்பாலும் போய்விட்டன. மெக்கானிக்குகள் விரும்பும் க்னிபெக்ஸ் கட்டிங் பிளேயர் இன்றும் இங்கேதான் தயாராகிறது. ஆனால், நகராட்சிக்குக் கடன் கழுத்துவரை. 1973-ல் இங்கே வந்து உலக நடனத்தையே மாற்றியவர் பினா பாஷ். நம் சென்னை நடனக் கலைஞர் சந்திரலேகாவின் தோழி. அவர் அரங்கேற்றம் செய்த நாடக அரங்கத்தைக்கூட 2013-ல் மூட வேண்டியதாயிற்று.

ரயிலுக்கும் ஒரு கறுப்பு நாள் உண்டு. 1999 ஏப்ரல் 12 அதிகாலை. இரவு வேலை செய்தவர்கள் தண்டவாளத்திலிருந்து ஓர் இரும்புக் கொக்கியைக் கழற்ற மறந்துவிட்டார்கள். முதல் ரயில் அதில் மோதி ஆற்றில் விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அதுவரை சுமார் நூறு வருஷமாக, விபத்தில் ஒரு பயணி உயிரைக்கூடக் காவு வாங்காத ரயில் அது.

கொலோன், டூசல்டார்ஃப் பக்கம் போகிறவர்களுக்கு அங்கிருந்து வுப்பர்டால் ரயிலில் அரை மணி நேரம்தான். தொங்கும் ரயிலில் ஏறினால் கடைசி சீட்டைப் பிடியுங்கள். டிரைவர் முன்னால் மட்டும்தான். பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அட்லர்ப்ரூக்கே நிலையம் அருகே கீழே பாருங்கள், டுஃபி விழுந்த இடம் அதுதான். தண்ணீர் இப்போது சிவப்பு இல்லை, மீன்கள் திரும்பி வந்திருக்கின்றன.