மூணு ஓட்டை... ஒரு தோள்!

கோரிப்பாளையம் சிக்னல்ல பஸ் சடன் பிரேக் போட்டா நீங்க டிரைவரைத் திட்டுவீங்க. நான் வலது தோளைப் பிடிச்சுக்குவேன். கபடியில் ஒரு தடவை நழுவின மூட்டு, அப்புறம் சட்டை மாட்டுறப்பகூட நழுவ ஆரம்பிச்சிருச்சு பாஸ்!

மெக்கானிக்கல் பையனா சொல்றேன்... தோள்மூட்டு டிசைனே அப்படி. சாஸர் மேல டென்னிஸ் பந்து வச்சாப்ல குழி ஆழமே கிடையாது. அதனாலதான் கை எல்லாப் பக்கமும் சுத்துது. குழியோட விளிம்புல ‘லேப்ரம்’னு ஒரு வளையம். அது கிழிஞ்சா, நம்ம வயசுப் பசங்களுக்குத் திரும்பத் திரும்ப நழுவ சான்ஸ் அதிகம். 1923-லயே பிரிட்டிஷ் டாக்டர் பேங்கர்ட் இந்தக் கிழிசலை விளக்கிட்டார். ஆபரேஷனுக்கும் அவர் பேர்தான்.

இப்போ அதைப் பெருசா வெட்டாமலே செய்றாங்க. சின்னச் சின்னதா மூணு ஓட்டை. ஒண்ணுல கேமரா, மத்ததுல கருவிகள். எலும்புல குட்டி ஆங்கரை இறக்கி, அதுல இருக்கிற நூலால லேப்ரத்தை இழுத்துத் தைக்கிறாங்க. ஆனா, குழி எலும்பே ரொம்பத் தேய்ஞ்சிருந்தா இது பத்தாது. எனக்குத் தேயலைனு ஸ்கேன் சொன்னப்பதான் மூச்சே வந்துச்சு.

அம்மாவோ ‘கட்டு போட்டா சரியாகிரும்’னு ஒரே பிடிவாதம். ஸ்ரேயாஸ் ஐயர் கதையை எடுத்துவிட்டேன். 2021 மார்ச்ல புனே மேட்ச்ல தோள் நழுவி, ஏப்ரல்ல ஆபரேஷன், செப்டம்பர்ல ஐ.பி.எல்!

‘‘அவருக்கு அது சோறு போடுது. உனக்குக் கபடி என்னடா போடும்?’’

பதில் இல்லை. ஆனா, ஆஸ்பத்திரி ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டது அம்மாதான். இப்போ ஸ்லிங்ல கை. கபடிக்கு ஆறு மாசமாவது ஆகுமாம். சட்டை பட்டனை அம்மாதான் மாட்டிவிடுறாங்க, திட்டிக்கிட்டே!