மாமாவின் ஹொக்கிக் கார்ட்டும் அம்மப்பாவின் சிகரெட் டின்னும்

கனடாவிலிருந்து வரும் மாமாவின் சூட்கேஸ் எப்படி அடுக்கப்பட்டிருக்கும் என்று எங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். ஒரு பக்கம் சொக்லேட், மறுபக்கம் சவர்க்காரம், நடுவில் யாருக்கும் அளவில்லாத ரீ-ஷேர்ட். போன ஓகஸ்டில் அந்த ரீ-ஷேர்ட்டுகளுக்கு அடியில், துவாயில் சுற்றின இரண்டு பெட்டி இருந்தது. மேலே பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கப்படவில்லை. 'அப்பர் டெக்', 1990-91, ஐஸ் ஹொக்கி.

"இது உங்கட படிப்புக்கு" என்றார் மாமா. "இன்னும் பன்ரெண்டு பெட்டி ஸ்காபரோவில பேஸ்மென்ட்டில கிடக்கு. இப்ப பழைய கார்ட்டுகள் கோடிக்குப் போகுதாம். நீங்கள் இன்டர்நெட்டில பாத்துச் சொல்லுங்கோ."

நாங்கள் என்றால் அக்காவும் தம்பியும். ஒராள் வந்தாறுமூலையில் கலைப்பீடம், லீவுக்குத் திருகோணமலை வந்திருந்தார். மற்ற ஆள் ஏ.எல். முடித்துவிட்டு வெட்டுப்புள்ளி வரும்வரை சும்மா இருக்கிறார். வீடு உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில். ஐஸ் ஹொக்கியை நாங்கள் பார்த்ததில்லை. மாமாவும் பெரிதாகப் பார்த்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கதை இதுதான். மாமா 1988இல் கனடா போனார். ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவும் வேலை. 1990 ஜூனில் இங்கே திரும்பவும் சண்டை தொடங்க, எங்கட ஆக்கள் இடம்பெயர்ந்தார்கள், வீடு எரிந்தது. கிழக்கில் பெண் பிள்ளைக்கு வீடு இல்லாமல் கலியாணம் பேச முடியாது. அதைக் கட்டிக் கொடுக்க வேண்டியது அண்ணன்மார். மாமாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பொடியன் சொன்னானாம்: ஹொக்கிக் கார்ட் வாங்கி உடைக்காமல் வை, பத்து வருடத்தில் ஒரு வீடே வாங்கலாம். அந்தக் குளிர்காலம் மாமா பதினான்கு பெட்டி வாங்கினார். எழுநூறு டொலருக்குக் கிட்ட.

அந்தப் பொடியன் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. அவன் கண்ணால் கண்டதைத்தான் சொன்னான். 1950களில், 60களில் வந்த கார்ட்டுகளுக்கு அந்த நேரம் உண்மையிலேயே விலை ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் ஏன் ஏறியது என்று அவன் யோசிக்கவில்லை. அந்தக் காலத்துப் பிள்ளைகள் கார்ட்டைச் சைக்கிள் கம்பியில் சொருகி 'டர்' என்று சத்தம் வர ஓடித் திரிந்தார்கள். அம்மாமார் குப்பையில் போட்டார்கள். டொப்ஸ் கம்பனியின் சை பேர்கர் என்பவர் பின்னாளில் சொன்ன கதை ஒன்று இருக்கிறது. 1952ஆம் ஆண்டு பேஸ்போல் கார்ட்டுகள் விற்காமல் தேங்கிக் கிடந்தனவாம், 1960 அளவில் அவற்றைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அத்திலாந்திக் கடலில் கொட்டினாராம். அந்த 1952 தொகுதியில் வந்த மிக்கி மான்டில் கார்ட் ஒன்றுதான் 2022 ஓகஸ்டில் 126 லட்சம் டொலருக்கு ஏலம் போனது.

1990இல் ஒருவரும் கடலில் கொட்டவில்லை. எல்லாரும் மாமாவைப் போலவே உறையைப் பிரிக்காமல் பேஸ்மென்ட்டில் வைத்தார்கள். கம்பனிகளும் சும்மா இருக்கவில்லை. ஹொக்கியில் அதுவரை டொப்ஸும் ஓ-பீ-சீயும்தான். அந்த ஒரே பருவத்தில் அப்பர் டெக், புரோ செட், ஸ்கோர் என்று மூன்று புதுக் கம்பனிகள் இறங்கி அடித்துத் தள்ளின. இன்று அமெரிக்காவில் அந்தக் காலத்துக்கே 'ஜங்க் வாக்ஸ்' என்று பெயர். குப்பைக் காலம்.

நாங்கள் ஈபேயில் பார்த்தோம். ஒரு விசயம் இங்கே சொல்லவேண்டும், இதே வேலையைச் செய்ய நினைக்கிற ஆக்களுக்காக: விற்கிறவர் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். கேட்கிற விலை யாரும் எழுதலாம். மாமா பார்த்தது அதைத்தான். விற்று முடிந்த பக்கத்தில் அவருடைய பெட்டி பத்துப் பதினைந்து டொலர் அளவில் நின்றது. தபால் செலவு அதைவிடக் கூட. அந்த எழுநூறு டொலரை வருடம் 5 வீதக் கூட்டுவட்டியில் 34 வருடம் வங்கியில் விட்டிருந்தால் 3,600ஐத் தாண்டியிருக்கும். கணக்குப் போட்ட தாளைத் தம்பி மடித்து சேர்ட் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டார். அன்றைக்கு மாமாவிடம் சொல்லவில்லை.

"கிரேட் பண்ணினால் விலை கூடாதோ" என்று மாமாவே இரண்டாம் நாள் கேட்டார். கார்ட்டைக் கம்பனிக்கு அனுப்பினால் மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்பதை எல்லாம் பார்த்து 1 தொடக்கம் 10 வரை புள்ளி போட்டு, கட்டிப் பிளாஸ்டிக்குக்குள் அடைத்துத் தருவார்கள். பி.எஸ்.ஏ. என்பதுதான் பெரிய பெயர், 1991இல் தொடங்கியது. அவர்கள் முதன்முதல் புள்ளி போட்டது ஒரு சிகரெட் கார்ட்டுக்கு. 1909க்கும் 1911க்கும் இடையில் சிகரெட் பக்கெற்றோடு வந்த ஹோனஸ் வாக்னர் கார்ட். அதை 1991இல் 451,000 டொலர் கொடுத்து வாங்கியவர்களில் ஒருவர் வெய்ன் கிரெட்ஸ்கி, மாமாவின் பெட்டிக்குள்ளேயே படமாக இருக்கிற அதே ஹொக்கி வீரர். கார்ட்டுக்கு 8 கிடைத்தது. பிறகு 2013இல், அதை முன்னர் விற்ற பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்: விளிம்பை நான் வெட்டித்தான் அழகாக்கினேன் என்று. முதலாவது கார்ட்டே வெட்டின கார்ட்! இதை வாசித்த அன்று நாங்கள் சிரித்த சிரிப்புக்கு அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

ஆனால் எங்களுக்கு அதைவிடப் பிடித்தது இன்னொரு வாக்னர். 2022இல் 72.5 லட்சம் டொலருக்குப் போனது, அதன் புள்ளி வெறும் 2. மூலை மழுங்கினது, மடிப்பு விழுந்தது. உண்மையாகவே கிடைக்காத கார்ட் என்றால் புள்ளியை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஊரெல்லாம் கிடைக்கிற கார்ட்டுக்குத்தான் 9க்கும் 10க்கும் இடையில் உயிர் போகிறது. கிரெட்ஸ்கியின் 1979 ஓ-பீ-சீ கார்ட் நிறைய இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பனி கம்பியால் தாள் வெட்டினதால் விளிம்பு பிசிறுபிசிறாக வந்தது. 10 வாங்கினது இரண்டே இரண்டு. அதில் ஒன்று 2021இல் 37.5 லட்சம் டொலர். மாமாவின் கார்ட்டுகளோ மெசினில் நேர்த்தியாக வெட்டி, மினுங்குகிற பேப்பரில் அடித்தவை. ஒன்றுக்குப் புள்ளி போட அப்போது இருபது டொலருக்குக் கிட்ட வேண்டியிருந்தது, 10 வந்தாலும் ஆயிரக்கணக்கான 10களில் அது ஒன்று.

இதற்கிடையில் ஒரு சண்டை. மாமா தம்பியின் கையில் 500 கனேடிய டொலர் வைத்திருந்தார். எங்கட காசில் ஒரு லட்சத்துக்கு மேல். தம்பிக்கு அதைப் போகிமொன் பெட்டிகளில் போடவேண்டும். புதிது வாங்கி, உடைக்காமல், பத்து வருடம். "சாரிசார்ட் என்ன விலை போனது தெரியுமோ" என்று தொடங்கினார். தெரியும். 1999 முதற்பதிப்புச் சாரிசார்ட், 10 புள்ளி, 2022இல் 420,000 டொலர். அந்த 10 உலகத்திலேயே நூற்றிச் சொச்சம்தான் இருக்கிறது, ஏனென்றால் 1999இல் அது பிள்ளைகளின் கையில் கசங்கிற சாமான். இன்றைக்கு வருகிற கார்ட் பக்கெற்றிலிருந்து நேரே உறைக்குள், உறையிலிருந்து நேரே கிரேடிங்குக்குப் போகிறது. 2021இல் பி.எஸ்.ஏ. சமாளிக்க முடியாமல் கொஞ்சக் காலம் கார்ட் எடுப்பதையே நிறுத்தியது. கம்பனிகள் இப்போது 'உலகத்தில் இது ஒன்றுதான்' என்று இலக்கம் போட்டே அடிக்கின்றன. கைவிடப்பட்டு அரிதான பொருள் வேறு, அரிதாகவே அச்சடிக்கப்படுகிற பொருள் வேறு என்பது எங்களில் ஒராளின் கட்சி. "2022இல ரூபாயை வைச்சிருந்த ஆக்களுக்கு என்ன நடந்தது? 200க்கு நிண்ட டொலர் 360 ஆச்சு. கார்ட் எண்டாலும் டொலரில விலை போகும்" என்பது மற்ற ஆளின் கட்சி. அது பிழையான வாதம் இல்லை. அந்த வருடம் பெற்றோல் வரிசையிலும் காஸ் வரிசையிலும் நின்ற எந்தப் பொடியனுக்கும் வங்கிப் புத்தகத்தில் நம்பிக்கை வராது.

பழசென்றால் விலை என்று நினைக்கிறவர்களுக்கு எங்கள் வீட்டிலேயே ஒரு மருந்து இருந்தது. அம்மப்பா டொக்யார்ட்டில் வேலை செய்தவர், 1957இல் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும்வரை. அவருடைய சிகரெட் டின் ஒன்று அலுமாரி மேல்தட்டில் இருக்கிறது. 90இல் ஓடும்போது அம்மம்மா காசு வைக்க எடுத்துப்போன டின், அதனால் தப்பியது. அதற்குள் பிளேயர்ஸ் சிகரெட்டோடு 1938இல் வந்த கிரிக்கெட் வீரர் கார்ட்டுகள். எண்பத்தாறு வயது! தம்பி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒரே கட்டி. அந்தக் கார்ட்டுகளுக்குப் பின்பக்கம் பசை, அல்பத்தில் ஒட்டுவதற்காக. திருகோணமலை வெயிலிலும் கடற்காற்றிலும் அல்பம் இல்லாமலே ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. மேலே ஒருவரின் தொப்பி மட்டும் தெளிவாகத் தெரிகிறது, யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இதுவும் பிளாஸ்டிக் இல்லாத கிரேடிங்தான் என்றார் தம்பி. பிரித்து எடுத்தாலும் பெரிய விலை இல்லை. இங்கிலாந்தில் அப்போதே ஒரு பென்னிக்கு அல்பம் விற்றார்கள், வீட்டுக்கு வீடு ஒட்டிப் பத்திரப்படுத்தினார்கள், அந்தத் தொகுதி இன்றைக்கும் தாராளமாகக் கிடைக்கிறது.

மாமாவுக்குச் சொன்னது டச்சுக் குடாக் கரையில், ஒரு பின்னேரம். கோட்டைப் பக்க மான்கள் இரண்டு ஐஸ்கிறீம் கப் நக்கிக்கொண்டு நின்றன. தம்பி பொக்கெற்றிலிருந்த தாளை எடுத்துக் கொடுத்தார். மாமா கண்ணாடி போடாமல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பதினைஞ்சோ?"

"ஓம் மாமா. பெட்டியோட."

"அப்ப அந்த வீடு..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். வீடு கட்டப்பட்டது. கார்ட்டால் இல்லை. பகல் கோப்பை கழுவி, இரவு பாக்டரியில் நின்று, மாதம் மாதம் அனுப்பின காசில் 1998இல் கூரை ஏறியது. நாங்கள் பிறந்தது அந்தக் கூரைக்குக் கீழே. 2004இல் கடல் வந்தபோது சுவர் இடுப்பளவுக்கு ஊறியும் விழவில்லை. இதையெல்லாம் அவருக்கு நாங்கள் சொல்லவேண்டுமா? சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாதான் பேச்சை உடைத்தார். "அந்த எழுநூறு டொலருக்கு அப்பவே ஒரு அறை கூடக் கட்டியிருக்கலாம், அண்ணா." மாமா சிரித்தார். பிறகு கத்தி கேட்டார்.

முப்பத்துநாலு வருடம் உடைக்காத பெட்டியை உடைத்தோம். மினுக்கப் பேப்பர், நீளப் பயணம், எங்கட ஓகஸ்ட் வெக்கை. கொஞ்சம் கார்ட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரிக்கும்போது மெல்லிய சத்தத்தோடு மை உரிந்தது. மாமா ஒவ்வொன்றாகப் பெயர் வாசித்தார். யரோமிர் யாகர், முதல் வருடக் கார்ட். "இவர் ஆரெண்டு எனக்கு இப்பவும் தெரியாது" என்றார்.

தம்பியின் காசில் பாதி வங்கிக்குப் போனது. மீதியில் ஒரு போகிமொன் பெட்டி கொழும்பிலிருந்து வந்திருக்கிறது, உடைக்கப்படவில்லை. நாங்கள் இன்னும் அதைப் பற்றிச் சண்டை பிடிக்கிறோம். மாமா திரும்பிப் போகும்போது அம்மப்பாவின் டின்னைக் கொண்டுபோனார்.

ஹொக்கிக் கார்ட்டுகளை ஒழுங்கைப் பொடியள் எடுத்துவிட்டார்கள். நாங்கள் சின்னனில் முப்பது ரூபாய்க்கு வாங்கி விளையாடின ரெஸ்லிங் ட்ரம்ப் கார்ட் மாதிரியே, பின்பக்கம் பார்த்து உயரம், நிறை சொல்லி வெட்டுகிறார்கள். நேற்று யாகர் நிறையில் தோற்றுப்போனார். சின்னவன் ஒருத்தன் கார்ட்டைத் திருப்பிக் காட்டிக் கேட்கிறான்: "அக்கா, இதில 'ஜி' எண்டு போட்டிருக்கே, அதைச் சொல்லி வெட்டலாமோ?"